தானாவா?

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நிதி தரும் நிறுவனத்திலிருந்து மூவர் வந்திருந்தார்கள், நடுவில் உட்கார்ந்தவர் குழுத்தலைவர். இயந்திரவியல் துறை சார். மேடம். கடைசி நாற்காலியில் மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நான்.

வந்திருக்க வேண்டியவர்களில் வராதவர்கள் மூன்று பேர். என்னோடு ஆய்வு செய்த கலைச்செல்வி வயிற்றுவலி என்று விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். ஆய்வக உதவியாளர் பாவாடை அண்ணன் வடை வாங்கப் போனவர், கூட்டம் முடியும்வரை திரும்பவில்லை. நெல்லித்தோப்புக் கடையில் தீர்ந்துபோச்சு என்று பிறகு சொன்னார். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் தனபாக்கியம் அக்கா வந்து எங்கள் தட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவதாக ஏற்பாடு. அன்றைக்கு வலையில் சங்கரா மீன் நிறைய விழுந்துவிட்டது. "மீன உட்டுட்டு உங்க மீட்டிங்குக்கு வந்தா ஐஸ எவன் போடுவான்" என்று போனை வைத்துவிட்டார்.

மேடத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடித்திருக்கும். எனக்குத்தான் துணிச்சல் இல்லை.

எங்கள் வேலை இதுதான். வாழைமட்டை நாரைக் கூழாக்கி, மரவள்ளி மாவு சேர்த்து, மேலே செடியிலிருந்து எடுத்த மெழுகு பூசி, சூட்டில் அழுத்தித் தட்டு செய்வது. மீன் விற்கிறவர்கள் வைத்திருக்கும் தெர்மாகோலுக்கு மாற்று. மண்ணில் மக்குகிற தட்டுகள் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. எங்களுடையதில் இன்னொரு விஷயம் இருந்தது. பயன்படுத்திய தட்டைத் திரும்ப வாங்கி, கழுவி, ஊறவைத்து, அரைத்து, அதே நாரில் புதுத் தட்டு போடலாம். ஐந்து முறை போட்டாலும் நாருக்கு வலு குறையவில்லை என்று காட்டியிருந்தோம். அது ஆய்வகத்துக்குள். ஊருக்குள் போன தட்டு ஆய்வகத்துக்குத் திரும்பி வருமா என்பது மட்டும் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு சொன்னால் இரண்டாம் கட்டமாக மூன்று வருடத்துக்கு நிதி வரும். என் உதவித்தொகை, கலைச்செல்வியின் உதவித்தொகை, பாவாடை அண்ணனின் சம்பளம் எல்லாம் அந்த மூன்று வருடத்துக்குள் இருந்தன. இல்லையென்றால் அந்த மாதத்தோடு கதவைச் சாத்த வேண்டியதுதான்.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு கண்ணாடிக் குடுவையை உடைத்தேன்.

"மேடம், குடுவை உடஞ்சிடுச்சி."

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "தானாவா?"

"கை வழுக்கிடுச்சி மேடம்."

"கை தானா வழுக்கிச்சா?"

எங்கள் வீட்டில் டம்ளர் உடைந்தால் உடைந்ததுதான். தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே, "நான் ஒடச்சிட்டேன் மேடம்" என்றேன்.

"சரி. அலமாரில ரெண்டாவது அடுக்குல புதுசு இருக்கு. கால்ல குத்திக்காம பெருக்கு."

அவ்வளவுதான். திட்டு கிடையாது, அபராதம் கிடையாது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உடைத்தவன் யார் என்று தெரிந்துகொண்டார், வேலை முடிந்தது.

மேடம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்தவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து கடைசிவரை பென்ஷன் வாங்கியவர். வீட்டில் தமிழ் பேசினாலும் மேடம் அதை எழுதப் படித்தது முப்பது வயதுக்கு மேல், ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியரிடம் ட்யூஷன் வைத்து. அந்த வகுப்பில்தான் தன்வினை பிறவினை என்று ஒன்று இருப்பதைக் கண்டு அசந்துபோனாராம். உடைந்தது, உடைத்தேன். கொட்டியது, கொட்டினேன். தொலைந்தது, தொலைத்தேன். ஒரு புள்ளி, ஒரு எழுத்து மாற்றம். அதற்குள் ஆள் காணாமல் போய்விடுகிறான்.

"தப்பிச்சி ஓட எல்லா பாஷைலயும் ஒரு சந்து இருக்கும். நம்ம தமிழ்ல மெயின் ரோடே இருக்கு" என்பார்.

ஆய்வேட்டில் நாங்கள் 'சோதனை செய்யப்பட்டது', 'மாதிரி சேதமடைந்தது' என்று எழுதிக்கொண்டு போவோம். ஓரத்தில் பென்சிலால் 'யா?' என்று போட்டிருப்பார். யார் என்பதன் சுருக்கம். என் முதல் அத்தியாயத்தில் ஒரே பக்கத்தில் பதினான்கு 'யா?' இருந்தது. கலைச்செல்வி அதைப் பார்த்துவிட்டு, "டேய், உன் பக்கத்துல ஆளே இல்லடா, பேய் பங்களா மாதிரி இருக்குது" என்றாள்.

பாவாடை அண்ணன் மட்டும் அந்தக் கேள்விக்குப் பயப்பட மாட்டார். மின்சாரம் போனால் வாசலில் நின்று சொல்வார்.

"கரண்டு போயிடுச்சி மேடம்."

"தானாவா?"

"இல்ல மேடம். கரண்டாபீஸ்காரன் புடுங்கிட்டான். நான் பாக்கல, ஆனா அவன்தான்."

மேடம் சிரித்துவிடுவார். மழைக்காலத்தில் அண்ணன் வேண்டுமென்றே வந்து, "மேடம், மழ வருது. தானாத்தான் வருது, வெளிய போயி விசாரிச்சிட்டேன்" என்பார்.

என் அப்பாவைப் பற்றி ஒருமுறை கேட்டார். பஞ்சாலையில் இருந்தார், மில்லை மூடிட்டாங்க, இப்போது ஓர் அடுக்குமாடியில் காவலுக்கு இருக்கிறார் என்றேன். மேடம் கையிலிருந்த கூழை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த ஊர்ல எல்லாரும் மில்லு மூடிடுச்சின்னுதான் சொல்றாங்க. நீ மூடிட்டாங்கன்னு சொல்ற."

"அப்பா அப்படித்தான் மேடம் சொல்லுவாரு."

"அப்ப அவருக்கு யாருன்னு தெரிஞ்சிருக்கு."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அரியாங்குப்பத்திலிருந்து பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். ஒரு பேராசிரியை தன் பேச்சை மெச்சியதாகக் கேட்டதும் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். யாரிடமோ சொல்லத்தான்.

மேடத்தின் கேள்வி இப்படிச் சிரிப்பாகவே எப்போதும் முடிந்ததில்லை. அவர் வெறும் ஆய்வகத்துக்குத் தலைவர் இல்லை. வேதியியல், தாவரவியல், இயந்திரவியல் மூன்று துறைகளையும் ஒரு கயிற்றில் கட்டி இழுக்கிற மையத்துக்குத் தலைவர். மாதக் கூட்டத்தில் எல்லோரும் 'தாமதமாகிவிட்டது' என்பார்கள். மேடம் முதலில் தன்னைச் சொல்வார். "நான் ரெண்டு வாரம் தாமதம் பண்ணேன். கையெழுத்து போட மறந்தேன். நீங்க?" எதிரில் இருப்பவர்கள் பெரிய மனிதர்கள். ஒவ்வொருவரும் தங்கள் பங்கைச் சொல்ல வேண்டியிருந்தது. வேலை நடந்தது, அது உண்மை. வெளியே வந்ததும் அவர்கள் பேசிக்கொண்டதையும் நான் கேட்டிருக்கிறேன்.

ஒரு கூட்டத்தில் தட்டு அழுத்தும் இயந்திரத்தின் சூட்டுத் தகடு கருகிப்போன விஷயம் வந்தது. இயந்திரவியல் துறையின் டெக்னீசியன் ஒருவர் பின்னால் நின்றிருந்தார். "தானாவா கருகுச்சு?" என்றார் மேடம். அந்த மனிதர், மேடம் திட்ட மாட்டார் என்ற நம்பிக்கையில், "நான் ஆஃப் பண்ணாம போயிட்டேன் மேடம்" என்றார். "சரி, புதுசு வாங்குவோம்" என்று மேடம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஆனால் அங்கே மேடம் மட்டும் இல்லை. அடுத்த வாரம் அவருக்கு ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தி, ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். மேடம் அவருக்காக நாலு முறை கல்லூரி முதல்வர் அறைக்கு நடந்தார். ஒன்றும் ஆகவில்லை.

"நான் கேட்ட இடம் தப்பு" என்று எங்களிடம் சொன்னார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த மாதக் கூட்டத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார். சிலருக்கு இருமல் இருக்கும் இல்லையா, அடக்க அடக்க வரும், அது மாதிரி.

கடற்கரைச் சாலையில் ஒரு கண்காட்சி நடந்தது. சிறப்பு விருந்தினர் எங்கள் தட்டைக் கையில் தூக்கிக் காட்டி, "இதைப் பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போட்டால் போதும், தானாகவே மண்ணோடு மண்ணாகிவிடும்" என்று மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மேடம் மேடைக்குப் போய் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"ஐயா சொன்னதுல ஒரு சின்ன திருத்தம். தூக்கிப் போட்டா அது போட்ட இடத்துலயே கெடக்கும். ஈரம் வேணும், சூடு வேணும், கிளறிவிட ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்குக் கூலி வேணும்."

மறுநாள் செய்தித்தாளில் எல்லா அரங்குகளின் படமும் வந்திருந்தது, எங்களுடையதைத் தவிர.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டின்போது மேடத்தின் கணவரைப் பற்றிக் கலைச்செல்வி வாய் தவறிக் கேட்டுவிட்டாள். (வாய் தவறி. மேடம் இதைப் படித்தால் ஓரத்தில் பென்சில் போடுவார்.)

"சார் எங்க மேடம் இருக்காரு?"

"பிரான்சுல."

"வேலையா மேடம்?"

"இல்ல. நான் போகச் சொன்னேன்." டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார். "எல்லார்கிட்டயும் எங்கம்மா 'பிரிஞ்சிட்டாங்க'ன்னு சொல்லுவாங்க. பிரியறதுக்கு நாங்க என்ன ஒட்டின காகிதமா? போகச் சொன்னது நான். தப்பு பாதி என்மேல. யோசிச்சா பாதிக்கு மேலயே."

கலைச்செல்வி அதற்குப் பிறகு ஒரு வாரம் மேடம் எதிரில் சாப்பிட உட்காரவில்லை.

இனி என் தவறு.

முப்பது பெண்களுக்குத் தலா பத்து என்று முந்நூறு தட்டுகளை வைத்திக்குப்பத்தில் கொடுத்தோம். நாற்பது நாள் சோதனை. ஒரு தட்டை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, அவர்கள் மீன் விற்கும் கொட்டகை ஓரத்தில் நாங்கள் வைத்த நீல டிரம்மில் போட வேண்டும். நாங்கள் எடுத்துப் போய் அரைத்துப் புதுத் தட்டு போட்டுத் தருவோம். இதை விளக்கி ஒரு துண்டறிக்கை வேண்டும். "மறுசுழற்சின்னு எழுதாத, ஒருத்தருக்கும் புரியாது. உங்கம்மாவுக்குப் புரியற மாதிரி எழுது" என்று மேடம் என்னிடம் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. துறையிலேயே மீனவத் தெருவுக்குப் புரிகிற தமிழ் எழுதத் தெரிந்தவன் நான்தான் என்று நினைத்தேன்.

'இந்தத் தட்டு மறுபடியும் மறுபடியும் பயன்படும். பழசானதும் நீல டிரம்மில் போடவும்.'

அம்மா ஒயிட் டவுனில் ஒரு விடுதியில் படுக்கை மாற்றும் வேலை செய்கிறாள். சீருடைப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"புரியுதாம்மா?"

"இதுல புரியாம போறதுக்கு இன்னா இருக்குது? நல்ல தட்டு, திரும்பத் திரும்ப வச்சிக்கலாம்."

புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பது என் காதில் ஏறவில்லை.

அந்த வாரம் மேடம் மூன்று துறைத்தலைவர்களின் கையெழுத்துக்கும் தணிக்கைக்குமாக அலைந்துகொண்டிருந்தார். காரில் ஏறும்போது துண்டறிக்கையை நீட்டினேன். காரின் முன்மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நீ பாத்துட்டல்ல?"

"பாத்துட்டேன் மேடம்."

முதல் சனிக்கிழமை டிரம்மில் இரண்டு தட்டு இருந்தது. அடுத்த சனிக்கிழமை நான்கு. போகப் போக வரும் என்று நினைத்தேன். மேடம் ஒரு கருத்தரங்குக்காக டெல்லி போனவர் அங்கிருந்து போனில் கேட்டார், "தட்டு வருதா?" "வந்துகிட்டு இருக்கு மேடம்" என்றேன். நாற்பதாவது நாள் டிரம்மைக் கவிழ்த்து எண்ணினேன். எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்று.

தனபாக்கியம் அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, தட்டெல்லாம் எங்க?"

"இருக்குதே. இன்னா அவசரம் உனக்கு?"

காட்டினார். ஒன்று ஐஸுக்கு அடியில் இருந்தது. ஒன்றில் கருவாடு காய்ந்தது. ஒன்று குடத்துக்கு மூடி. ஒன்றில் நாய்க்குச் சோறு. "மூணு தட்ட ஆடு துன்னுடுச்சி. மாவு வாசன இருக்குதில்ல."

"டிரம்முல போடச் சொன்னமேக்கா."

"பழசானாதான போடச் சொன்ன. நல்லா இருக்கற தட்ட குப்பையில போட நான் இன்னா பைத்தியமா? மறுபடியும் மறுபடியும் பயன்படும்னு நீதானப்பா எழுதிக் குடுத்த? எம்மவ படிச்சிக் காட்டுனா. பயன்படுத்தறோம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார். "தெர்மாகோலு மாதிரி பொடிப்பொடியா ஆவல தம்பி. இன்னும் பத்து குடு, வச்சிக்கறேன்."

நான் எழுதிய வாக்கியத்தில் யார் மறுபடியும் பயன்படுத்துவது என்று இல்லை. நாங்கள் அரைத்துப் பயன்படுத்துவோம் என்பது என் மனதில் இருந்தது. அவர்கள் தங்களைச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொண்டார்கள். படிக்கிறவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். நாற்பது நாள் போய்விட்டது. மறுபடி செய்ய நேரம் இல்லை, நிதி நிறுவனத்தின் குழு அடுத்த வாரம் வருகிறது.

மேடத்திடம் துண்டறிக்கையைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"நான் இத படிச்சனா?"

"கையெழுத்து போட்டீங்க மேடம்."

"படிச்சனான்னு கேட்டேன்."

"இல்ல மேடம்."

தலையாட்டினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, 'பயன்படும்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'யா?' என்று போட்டார். அச்சாகி ஊரெல்லாம் போய்விட்ட காகிதத்தில். பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இயந்திரவியல் சார் கெட்டவர் இல்லை. விஷயம் தெரிந்ததும் ஓடிவந்தார்.

"மேடம், இத தோல்வின்னு எதுக்கு பாக்கணும்? ஜனங்களுக்குத் தட்ட விட மனசு வரல. இதவிட என்ன சர்டிபிகேட் வேணும்? 'எதிர்பார்த்ததைவிட வரவேற்பு அதிகம், ஆகவே மீட்பு குறைவு'ன்னு எழுதுவோம். பொய்யில்ல."

"பொய்யில்ல. அதையும் எழுதுங்க" என்றார் மேடம். எழுதவும் விட்டார். கீழே தன் பங்குக்கு மூன்று வரி சேர்த்தார். 'துண்டறிக்கையில் தவறான வாக்கியத்தை என் மாணவர் எழுதினார். நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். ஆகவே தட்டுகளை மக்கள் திருப்பித் தருவார்களா என்பது எங்களுக்குத் தெரியாது.'

சார் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். நான் போகவில்லை.

"மேடம், என் பேரு வேணாமே."

"பேரு போடலியே. என் மாணவர்னுதான போட்டிருக்கேன்."

"உங்களுக்கு ஆண் மாணவர் நான் ஒருத்தன்தான மேடம்."

"ஆமா" என்றார். அது இப்போதுதான் அவருக்கு உறைத்த மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பாவாடை அண்ணன் வாழைமட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்கு ரெண்டு பொண்ணு மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"தெரியும்."

"கலைச்செல்விக்கு இன்னும் ஒரு வருஷ வேலதான் பாக்கி."

"தெரியும்டா." முதல் தடவையாக என்னை 'டா' போட்டார். "நீ எடுக்கச் சொன்னா அந்த வரிய எடுத்துடறேன். ஆனா எடுக்கச் சொன்னதும் நீதான்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். சொல்லு, எடுக்கட்டுமா?"

அவர் மிரட்டவில்லை. கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே என்னிடம் விட்டார். 'எடுங்க மேடம்' என்ற இரண்டு சொல்லை நான் தொண்டைவரை கொண்டு வந்தேன். மூன்று வருடம் அந்த மனுஷியோடு இருந்தவனுக்கு அதைச் சொல்ல முடியவில்லை. 'இருக்கட்டும்' என்றும் சொல்ல முடியவில்லை. வெளியே வந்து அண்ணனோடு சேர்ந்து மட்டையைப் புரட்டிப் போட்டேன்.

கூட்டத்தில் குழுத்தலைவர் கண்ணியமானவராக இருந்தார். தமிழர். மற்ற இருவருக்காக ஆங்கிலத்தில் ஆரம்பித்து, மேடத்திடம் பேசும்போது தமிழுக்கு வந்துவிடுவார். தட்டைத் தடவிப் பார்த்தார், முனையை வளைத்துப் பார்த்தார். மீன்காரப் பெண்கள் திருப்பித் தர மறுத்த கதையைக் கேட்டு மூவருமே சிரித்தார்கள். சார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், தேறிவிட்டோம் என்று. பிறகு தலைவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அந்த மூன்று வரியில் விரல் வைத்தார்.

"மேடம், இந்தப் பத்தி மட்டும் கொஞ்சம் உறுத்துது. இப்படி எழுதினா எங்க ஆளுங்க இதத்தான் புடிச்சிக்குவாங்க. 'களப்பணியில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது'ன்னு ஒரு வரி போட்டுடுங்க. அதுக்கு மேல நாங்க கேக்க மாட்டோம்."

அவர் பேனாவைக்கூட மூடியைத் திறந்து மேடம் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒரு வரி. அதற்கு அந்தப் பக்கம் மூன்று வருடம்.

மேடம் பேனாவை எடுத்தார். நான் பார்த்தேன், எடுத்தார். காகிதத்தின் மேல் வைத்தார். 'களப்பணியில்' என்று எழுதினார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. உதடு பிரிந்தது, மூடியது. மறுபடி பிரிந்தது.

"நேர்ந்துவிட்டதுன்னா... தானாவா சார்?"

தலைவர் பேனாவைத் திரும்ப வாங்கி மூடினார். கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் இருந்தார். "சரிங்க மேடம்" என்றார். பிறகு, "இதுல மாணவர்னு இருக்கறது..." என்று தேடினார். நான் எழுந்தேன். மடிக்கணினி தொடையிலிருந்து சரிந்தது, பிடித்துக்கொண்டேன். "நான்தான் சார். நான் எழுதினேன்." அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. மீட்பு பற்றிய தரவு இல்லாத நிலையில் இரண்டாம் கட்டத்தைப் பரிந்துரைக்க இயலவில்லை என்று இருந்தது. யாரால் இயலவில்லை என்று இல்லை. மையத்தின் தலைமையை இயந்திரவியல் சாரிடம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அவர் திட்டத்துக்கு வேறு பெயர் வைத்து விண்ணப்பித்து நிதி வாங்கிவிட்டார், அதில் நாங்கள் யாரும் இல்லை. தட்டு அழுத்தும் இயந்திரத்தை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனபோது பாவாடை அண்ணன் கூடவே படிவரை போய்ப் பிடித்துக்கொடுத்தார்.

"அந்தம்மா மேல கோவமே வர மாட்டேங்குது தம்பி. அதான் எரிச்சலா இருக்குது" என்றார்.

கலைச்செல்விக்கு அந்தச் சிக்கல் இல்லை. "மேடத்துக்கு நம்மள விட அந்த மூணு வரி முக்கியம்டா. நாம அஞ்சு தடவ அரைச்சாலும் தாங்குவோம்னு நெனச்சிட்டாங்க." பெட்டியைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனாள். அவள் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. மேடம் எங்களுக்காக எத்தனை அலுவலகங்களின் படி ஏறினார் என்று எனக்குத் தெரியும். கடிதம் வந்த பிறகும் மூன்று முறை நிதி நிறுவனத்துக்கு எழுதினார், மாணவர்களின் உதவித்தொகையையாவது தொடருங்கள் என்று. அந்தக் கடிதங்களிலும் முதல் வரி 'நான் படிக்காமல் கையெழுத்திட்டேன்' என்றுதான் தொடங்கியது. பதில் வரவில்லை.

கடைசியாகச் சாவியைக் கொடுக்கப் போனேன். முதலாமாண்டு வகுப்பிலிருந்து வந்துகொண்டிருந்தார், விரலெல்லாம் சுண்ணாம்புக்கட்டித் தூள். வராந்தாவில் நிறுத்திக் கேட்டார்.

"என்மேல கோவமா?"

"வருது மேடம்."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், கோபம் தானாக வருகிற மாதிரி சொல்லிவிட்டேன் என்று. அவர் அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். மேடம் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, "வெயிலா இருக்கு, ஓரமா போ" என்றார்.

இப்போது அவர் இந்த ஊரில் இல்லை.

திட்ட விண்ணப்பங்களில் ஆள்மாதம் என்று ஒரு கட்டம் உண்டு. ஓர் ஆள் ஒரு மாதம் உழைத்தால் ஓர் ஆள்மாதம். எங்களுக்கு ஆனதையும் அந்தக் கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். பாவாடை அண்ணன் வேலை இல்லாமல் அலைந்தது ஏழு. கலைச்செல்வி வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கியது பத்தொன்பது. நான் ட்யூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டே ஆய்வேட்டை இழுத்தது இருபத்திரண்டு. மேடம் மாணவர் யாரும் இல்லாமல், ஓய்வு பெறும்வரை முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு உப்புச் சோதனை செய்து காட்டியது நாற்பது. மொத்தம் எண்பத்தெட்டு ஆள்மாதம், நான் எழுதிய ஒரு வரிக்கும் மேடம் எழுதாத ஒரு வரிக்கும்.